திரையில் நின்ற கை

கிருத்திகையன்று திருத்தணி பஸ் ஸ்டாண்டு எப்போதும் இரைச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அன்று காலை மாடிவரை ஏறிவந்த இரைச்சலில் வேறொரு சூடு இருந்தது. காஞ்சனா அலுவலக ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பஸ்களுக்கு நேரம் குறித்துத் தரும் சின்ன அறையைச் சுற்றி ஆட்கள் மொய்த்திருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய வெளியூர்க்காரர்கள்கூட வண்டி பிடிப்பதை மறந்துவிட்டு நின்றிருந்தார்கள். அந்த அறைக்குள் ஒரு கண்டக்டர் இருந்தார். கதவை உள்ளேயிருந்து தாழ் போட்டவர் டைம் கீப்பர். போடாமல் விட்டிருந்தால் அந்தக் கண்டக்டரை அங்கேயே அடித்துத் துவைத்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். சோளிங்கர் பக்கம் போகும் ஒரு தனியார் பஸ், ஸ்டாண்டின் வாசலில் திரும்பும்போது பின்படியிலிருந்து ஒரு பெண் சாலையில் விழுந்தாள். தலையில் ரத்தம். பேச்சு மூச்சில்லை. யாரோ ஓர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். “ஏறாத, ஏறாதன்னு கண்டக்டரு கத்தினத நான் காதால கேட்டேன்” என்றாள் பூக்காரி ஒருத்தி. “கைய வெச்சுத் தள்ளினான், நான் பாத்தேன்” என்றார் பழக்கடைக்காரர். அதற்குப் பிறகு கேட்டவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

விழுந்தவள் பெயர் மணியம்மை, கே.ஜி.கண்டிகைக்காரி என்று கீழேயிருந்து காஞ்சனாவுக்குச் சேதி வந்தது. அது அவளுடைய ஊர். மணியம்மையும் காஞ்சனாவின் அம்மாவும் ஒரே கூட்டத்தில் களை எடுக்கப் போகிறவர்கள். சின்ன வயதிலிருந்தே மணியம்மையை அத்தை என்றுதான் காஞ்சனா கூப்பிடுவாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கைப்பையை எடுத்தவளை, மூச்சிரைக்கப் படியேறி வந்த நாகேந்திரன் நிறுத்தினார்.

“காஞ்சனா, எல்லாத்தயும் ஓரமா வெய்யி. கேட்டாண்ட கீற மொபைல் கடை கேமராவுல மொத்தமும் மாட்டிகினு கீது. கடைக்காரன் பென் டிரைவுல போட்டுக் குடுத்துட்டான். என் போன்ல தொறந்தா வெறும் கறுப்பாத்தான் வருது. உன் மிஷின்ல போடு.”

நாகேந்திரன் முன்பு கேபிள் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தவர். கேபிள் தேய்ந்ததும் இணையத்தில் உள்ளூர்ச் செய்தி சேனல் தொடங்கினார். குடிதண்ணீர் வராத தெரு, குண்டும் குழியுமான சாலை என்று அவர் போட்ட வீடியோக்களால் நடந்த நல்லதும் உண்டு. ஆனால் எதையும் முதலில் போட்டுவிட வேண்டும் என்கிற வெறி அவருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சேனலின் கண், கத்தரி எல்லாம் காஞ்சனாதான். கரும்பு வெட்டப் போகும் தங்கவேலுவின் மகள் அவள். பன்னிரண்டாவது முடித்ததும் அரக்கோணத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்யச் சேர்ந்தாள். அங்கே எடிட்டர் வராத ஒரு நாள், அழுதுகொண்டிருந்த ஒரு கல்யாண வீட்டாருக்காகத் தானே உட்கார்ந்து வீடியோவை வெட்டி ஒட்டினாள். அப்படிப் பிடித்த வேலை. கல்யாணமாகி, அபி பிறந்து, புருஷன் பிரேம்குமார் ரயில்வேயில் ஒப்பந்த வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அதை அவள் விடவில்லை. பகலில் செய்தி, நேரம் கிடைத்தால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு வீடியோக்கள். ஒரு முகத்தில் சிரிப்பு வருவதற்குச் சற்று முன்னால் வெட்டினால் எப்படி இருக்கும், வந்த பிறகு வெட்டினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

பென் டிரைவைச் செருகினாள். எடிட்டிங் மென்பொருள் திறந்ததும் திரை அவளுக்கு அந்நியமாக இருந்தது. பட்டன்கள் இடம் மாறியிருந்தன, நிறம் மாறியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஷேர் ஆட்டோவைப் பிடிக்கும் அவசரத்தில், அப்டேட் செய்யலாமா என்று அது கேட்டதற்கு எதையோ அழுத்திவிட்டுப் போனது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

காட்சி ஓடத் தொடங்கியது. ஓடவில்லை, விக்கியது. பஸ் வாசலருகே நின்றது. அடுத்த கணம் சாலையில் இருந்தது. நடுவில் அது நகர்ந்ததையே காணோம். காஞ்சனா பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினாள். பின்படியில் மணியம்மையின் ஒரு கால். படம் உறைந்தது. பிறகு திடீரென்று கண்டக்டரின் விரிந்த கை, மணியம்மையின் தோளருகே. மறுபடி உறைந்தது. அடுத்த தாவலில் மணியம்மை சாலையில் கிடந்தாள்.

“அடப்பாவி” என்றார் நாகேந்திரன். “தள்ளிட்டாம் பாரு!”

அத்தையின் கால் செருப்பில்லாமல் தனியாகத் தெரிந்தது. ஆனால் காஞ்சனாவின் கண் வேறொன்றையும் கவனித்திருந்தது.

“சார், படம் தாவுது. நடுவுல நெறைய காணோம்.”

“என்னாத்துக்குக் காணோம்? கைய வெச்சான், வுழுந்துடுச்சு. அத மட்டும் வெட்டு. ஸ்லோ மோஷன் போடு, கை மேல சிவப்பு வட்டம் போடு. தள்ளிவிட்ட கண்டக்டர்னு பெரிய எழுத்துல போடு. போதும்.”

“சார், ஒரு நிமிசம் இருங்க. அப்டேட்டுக்கு அப்புறம் மிஷின் சரியா ஓட மாட்டேங்குது.”

அவள் திரும்புவதற்குள் நாகேந்திரன் தன் போனைத் தூக்கித் திரையில் நின்றிருந்த அந்தக் கையைப் படம் எடுத்துவிட்டார். ‘வீடியோ சற்று நேரத்தில்’ என்று ஒரு வரி சேர்த்துச் சேனலில் போட்டார். கொஞ்ச நேரத்திலேயே கீழே இரைச்சல் மாறியது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் போனைப் பார்ப்பதும் அடுத்தவருக்குக் காட்டுவதும் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. பிறகு அந்தச் சின்ன அறையின் கதவில் யாரோ காலால் உதைத்தார்கள்.

“ஏன் சார் போட்டீங்க?”

“ஊரே காத்துகினு கீது காஞ்சனா. நாம போடலன்னா வேற எவனாவது போடுவான். நீ சீக்கிரம் வெட்டு.”

காஞ்சனா திரையின் பக்கம் திரும்பினாள். கைகள் ஒருபக்கம் வேலை செய்தன. பார்க்கும் படத்தின் தரத்தைப் பாதியாகக் குறைத்தாள். விக்கல் நிற்கவில்லை. கால்பங்காகக் குறைத்தாள். படம் மங்கியதுதான் மிச்சம். அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள். தட்டத் தட்ட அதே கை அப்படியே நின்றது, பிறகு ஒரேயடியாகத் தாவி மணியம்மை தரையில். மென்பொருள் சேர்த்து வைத்திருந்த பழைய தற்காலிகக் கோப்புகளை எல்லாம் அழித்தாள். மூடித் திறந்தாள். அது திறப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க, கீழே கதவில் விழுந்த உதைகள் அவள் முதுகில் விழுவதுபோல் இருந்தன.

மறுபடி அதே விக்கல்.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா? இருப்பதை நீக்கி, பழையதை இறக்கி, ஏற்றி முடிப்பதற்குள் கீழே என்ன ஆகுமோ. அமைப்புகளுக்குள் ஒவ்வொன்றாகத் தேடினாள். ஓரிடத்தில் கண் நின்றது. வீடியோவை ஓட்ட கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் வசதி மங்கிக் கிடந்தது. நேற்றுவரை அதில் டிக் இருந்தது. இப்போது தொட்டாலும் அசையவில்லை. கேமராவிலிருந்து வந்த கோப்பு இறுக்கிச் சுருட்டப்பட்ட வகை. அதைப் பிரித்துக் காட்டக் கார்டின் உதவி வேண்டும். புதிய பதிப்பு அவளுடைய பழைய கார்டை அடையாளம் காண மறுத்துவிட்டது. அதனால்தான் கணினி தன்னால் முடிந்த படங்களைக் காட்டி, முடியாதவற்றை விழுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் படிக்கட்டில் பல கால்கள் ஒன்றாக ஏறும் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் சக்திவேல். மணியம்மையின் மகன், செங்கல் சூளையில் லாரியில் கல் ஏற்றுகிறவன். சட்டை முன்பக்கம் ரத்தம் காய்ந்திருந்தது; ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தூக்கியிருக்கிறான். பின்னால் அவன் கூட்டாளிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அக்கா, வீடியோ உங்கிட்ட கீதாமே. காட்டு.”

“அத்தைக்கு எப்படிடா கீது?”

“தலைக்கு ஸ்கேன் எடுக்கறாங்க. இன்னும் கண்ணத் தொறக்கல. நீ காட்டு. அவன் தள்ளினத நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுக் கீழ போறேன்.”

கீழே போய் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் கைமுஷ்டி திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“சக்தி, வீடியோ சரியா ஓட மாட்டேங்குது. டிரைவர் பழசு, அதான் பிரச்சன” என்றாள் காஞ்சனா, திரையைப் பார்த்தபடியே.

“டிரைவரா? அந்தக் கெழவனா? அவனும் இதுல கூட்டா?”

“அய்யோ, பஸ் டிரைவர் இல்லடா! இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது. கார்டுக்கும் மிஷினுக்கும் நடுவுல பேசற சாஃப்ட்வேர்.”

வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். சக்திவேல் தன் போனை நீட்டினான். நாகேந்திரன் போட்ட படம் அதில் இருந்தது. விரிந்த கை, அம்மாவின் தோள்.

“இது போதாதாக்கா? இன்னும் என்னா பாக்கணும்? நீ எங்க பக்கமா, அவன் பக்கமா?”

காஞ்சனா நாற்காலியைத் திருப்பினாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. நாளைக்கு அதே தெருவில்தான் நடக்க வேண்டும், அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

“நான் இன்னும் ஒண்ணும் பாக்கலடா. பாதிப் படம் மிஷின் முழுங்கிடுச்சு. முழுசா பாத்துட்டு அவன் தள்ளினான்னா நானே உங்கூட கீழ வரேன். அதுவரைக்கும் உக்காரு.”

அவன் உட்காரவில்லை. ஆனால் போகவுமில்லை.

புது டிரைவரை இணையத்திலிருந்து இறக்கலாம். ஆனால் கிருத்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நேரம், நெட் நத்தையாக ஊர்ந்தது. அவள் வேறு வழி எடுத்தாள். அந்தக் கோப்பையே கணினி சுலபமாக ஓட்டக்கூடிய லேசான வகைக்கு மாற்றிவிடுவது. மாற்றும்போது அது ஒவ்வொரு படமாக நிதானமாகப் பிரிக்கும், எதையும் தாண்டாது. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடந்துவிடும். விழுந்த பகுதிக்குக் கொஞ்சம் முன்னாலும் பின்னாலும் குறித்துக்கொண்டு மாற்றப் போட்டாள்.

திரையின் அடியில் ஒரு நீலக் கோடு ஊர ஆரம்பித்தது.

அந்த அறையில் இருந்த எல்லோரும் அந்தக் கோட்டையே பார்த்தார்கள். நாகேந்திரன் நகத்தைக் கடித்தார். கீழே ஏதோ கண்ணாடி உடைந்தது. “ஜன்னல ஒடச்சிட்டாங்க” என்றான் வாசலில் இருந்தவன். “ஆள் மணவூராம். பேரு ஜம்புலிங்கமாம். வெளிய இழுக்கப் போறாங்க.” சக்திவேல் வாசலை நோக்கி ஓரடி வைத்தான். காஞ்சனா எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள். ரத்தம் காய்ந்த இடம் கையில் மொடமொடத்தது.

“சக்தி, என்ன நம்பு. இன்னும் கொஞ்சந்தான்.”

“அதுக்குள்ள எங்கம்மா செத்துட்டா?”

காஞ்சனா பிடியை விடவில்லை.

நீலக் கோடு முனையைத் தொட்டது. காஞ்சனா அந்தப் புதிய கோப்பைத் திறந்து, பின்படியைப் பெரிதாக்கி, ஓடவிட்டாள். இந்தமுறை விக்கல் இல்லை. தண்ணீர்போல ஓடியது.

கண்டக்டர் ஜம்புலிங்கம் பின்படியின் மேல்தட்டில், முதுகைச் சாலைக்குக் காட்டி நின்றிருந்தார். உள்ளே யாரிடமோ சில்லறை வாங்கிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் தெரிந்த வாயில் விசில். மணியம்மை ஒரு கையில் துணிப்பையோடு வந்து ஒரு காலைப் படியில் வைத்தாள். அதே நேரம் பஸ் நகர்ந்தது. அவள் கம்பியைத் தாவிப் பிடித்தாள், பிடி சரியாகக் கிடைக்கவில்லை. ஜம்புலிங்கம் திரும்பினார். வாய் பெரிதாகத் திறந்தது, விசில் கீழே விழுந்தது. விரிந்த கை மணியம்மையின் தோளை நோக்கிப் போனது. நாகேந்திரன் படம் எடுத்த கை அதுதான். ஆனால் அந்தக் கை அங்கே நிற்கவில்லை. விரல்கள் மடங்கி அவள் ரவிக்கைக் கையைக் கொத்தாகப் பற்றின. அவள் கனம் இழுக்க அவரும் படிக்கு வெளியே சரிந்தார். இன்னொரு கையால் கம்பியைப் பிடித்து, பாதி உடம்பு சாலைக்கு மேல் தொங்க, அவளை உள்ளே இழுக்கப் பார்த்தார். ரவிக்கைத் துணி கிழிந்து கையோடு வந்தது. அவள் விழுந்தாள். ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து அவர் குதித்து, முழங்கால் தேய விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே அவளிடம் ஓடினார்.

“மறுபடி போடு” என்றான் சக்திவேல். போட்டாள். “மெதுவா போடு.” போட்டாள். அவன் திரைக்கு மிக அருகில் குனிந்தான். கிழிந்த துணியைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன் சொன்னது காஞ்சனா எதிர்பார்த்ததல்ல.

“விசில் அடிச்சது அவன்தானக்கா? எங்கம்மா ஏறினாளா இல்லயான்னு திரும்பிப் பாக்காம அடிச்சான் இல்ல?”

வீடியோவில் சத்தம் இல்லை. ஆனால் வாயில் விசில் இருந்தது, பஸ் நகர்ந்தது.

“ஆங். அப்பிடித்தான் தெரியுது” என்றாள் காஞ்சனா. “அது தப்புதான். அதுக்குக் கேஸு குடு, நான் இந்த வீடியோவ போலீஸ்ல குடுக்கறேன். ஆனா அவரு தள்ளலடா. புடிச்சாரு.”

சக்திவேல் தன் கூட்டாளிகளைப் பார்த்து, “கீழ போங்கடா. ஒருத்தனும் அந்தாளு மேல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. வுழுந்தது எங்கம்மா, சொல்றது நானு” என்றான். அவர்கள் தயங்கினார்கள். அவனே முன்னால் இறங்கினான்.

நாகேந்திரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இப்ப நான் போட்ட போட்டோவ எடுத்துட்டா சேனல் மானம் என்னாவறது காஞ்சனா?”

“எடுக்கலன்னா ஒரு மனுசன் உயிரு என்னாவறது சார்?”

அவர் போனை எடுத்தார். அந்தப் படத்தை நீக்கினார். காஞ்சனா முழுக் காட்சியையும் வட்டமும் எழுத்தும் இல்லாமல், ஓடியபடியே போட்டாள். கீழே சக்திவேல் ஒரு சிமெண்ட் மேடைமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான். சிலர் அவனையே திட்டினார்கள். அந்த இழுபறிக்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. தலையில் துண்டு போட்டு நொண்டி வந்த ஒரு மனிதரைப் போலீஸ்காரர்கள் நடுவில் விட்டு அழைத்துப் போனார்கள். முழங்காலில் பேண்ட் கிழிந்திருந்தது. ஜீப் போன பிறகுதான் காஞ்சனா நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி கொஞ்சம் அழுதாள்.

மணியம்மை பிழைத்தாள். தலையில் தையல், காரை எலும்பில் முறிவு. கவனக்குறைவு என்று ஜம்புலிங்கத்தின் மீது வழக்குப் பதிந்தார்கள். பஸ் முதலாளி அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார், சில வாரம் கழித்து வேறு தடத்தில் சேர்த்துக்கொண்டார். நீக்கிய படம் மட்டும் நீங்கவில்லை. அது யார் யார் போனிலிருந்தோ கிளம்பி, காஞ்சனாவின் நாத்தனார் வழியாக அவளுக்கே ஒருநாள் வந்து சேர்ந்தது. ஊரில் சிலர் அவளைக் கண்டக்டர் கட்சி என்றார்கள். குழாயடியில் பேச்சு குறைந்தது. சக்திவேல் மட்டும் வழியில் பார்த்தால், “இன்னாக்கா” என்று கேட்டுவிட்டுப் போனான்.

மணியம்மை வீட்டுக்கு வந்ததும் காஞ்சனா பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். மணியம்மைக்கு விழுந்தது எதுவும் ஞாபகமில்லை.

“என்னத் தள்ளினாங்கறாங்க, புடிச்சாங்கறாங்க. உங்கிட்ட வீடியோ கீதாமே, காட்டுடி” என்றாள்.

காஞ்சனா போனில் ஓட்டிக் காட்டினாள். கை வந்ததும், “பாரு அத்த, புடிக்கறாரு” என்று விரலால் தொட்டுக் காட்டினாள். மணியம்மை அந்தக் கையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் பார்வை அதற்கடுத்த காட்சியில் நின்றது. சாலையில் கிடக்கும் தன் உடம்பு, முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த புடவை, கிழிந்த ரவிக்கை.

“இத ஊரே பாத்துதா?” என்றாள்.

அன்றைக்குக் காஞ்சனாவின் மனசெல்லாம் அந்த ஒரு கையில்தான் இருந்தது. அத்தையின் உடம்பைப் பற்றி யோசிக்கவேயில்லை.

“எனக்குத் தோணல அத்த” என்றாள்.

மணியம்மை கட்டுப்போடாத கையால் புடவைத் தலைப்பை இழுத்து மார்பின் மேல் போட்டுக்கொண்டாள். “அந்தாளு நல்லாருக்கட்டும். தப்பிச்சாரு இல்ல. ஆனா எனக்கு இது வேணாண்டி.”

பழத்தை வைத்துவிட்டு காஞ்சனா கிளம்பினாள். அபியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரும்படி பிரேம்குமாருக்கு போன் பண்ணிவிட்டு, வந்த முதல் ஷேர் ஆட்டோவிலேயே திருத்தணிக்குத் திரும்பினாள். நாகேந்திரன் அப்போதுதான் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டார். சொன்னாள். சாவியைக் கொடுத்துவிட்டு அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சேனலிலிருந்த வீடியோவை முதலில் நீக்கினாள். பிறகு மணியம்மை படியிலிருந்து சரியும் இடத்துக்கு வந்து, அந்த உடம்பின் மேல் ஒரு மங்கல் திரையை விரித்தாள். கிழியும் துணியும் பிடிக்கும் கையும் தெரிய வேண்டும், மற்றது தெரியக் கூடாது. அந்த உடம்பு நகர நகர மங்கலும் நகர வேண்டும். அம்புக்குறியைத் தட்டினாள். ஒரு படம் வந்தது. மூடினாள். தட்டினாள். அடுத்த படம் வந்தது.